மாந்தீவுக்குப் போன தோணி

1979இல் எமது கல்லூரிக் கலைவிழாவில் மேடையேறிய நாடகத்தில் கதாநாயகி வேடம் எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் குரல் அப்போது உடையாதிருந்ததுதான்; நடிப்புத் திறமை என்று எவரும் சொன்னதில்லை.

கதை மாந்தீவில் நடப்பது. மட்டக்களப்பு வாவிக்குள் தொழுநோய் வைத்தியசாலை அமைந்திருந்த அத்தீவின் பெயரை, எங்கள் வீடுகளில் பிள்ளைகளை வெருட்டுவதற்கு மட்டுமே உச்சரித்தார்கள். நோயாளரைப் பிரித்து வைக்க 1901ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இடமளித்ததையும், அதற்கு வெகுமுன்னரே, 1708இல், ஒல்லாந்தர் கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் இத்தகைய வைத்தியசாலையொன்றைக் கட்டியிருந்ததையும் நாடகத்தை எழுதிய தமிழாசிரியர் ஒத்திகையின் முதல் நாளிலேயே சொல்லிவிட்டார். பாடப் புத்தகத்தில் இவை இருக்கவில்லை.

தோணியில் புதிதாக வந்திறங்கும் இளைஞனுக்கும், இரண்டு வருடங்களாக அங்கிருக்கும் பெண்ணுக்கும் இடையில் அரும்பும் காதலே நாடகம். அதில் ஒரு காட்சி இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இருவரும் பேசிக்கொண்டிருக்கையில் அவன் எரிகின்ற லாந்தரின் சிமினியைக் கையால் பிடித்தபடி சிரிக்கிறான்; தோல் கருகும் மணம் முதலில் அவளுக்குத்தான் தெரிகிறது. அவனாக நடித்த நண்பன் ஒவ்வொரு ஒத்திகையிலும் முகத்தைச் சுளித்தான். "நோகாதடா, நோகாததுதான் இந்த வருத்தம்" என்று ஆசிரியர் திரும்பத் திரும்பத் திருத்தினார். நரம்பு செத்துப்போன கையில் சூடும் வெட்டும் தெரியாமற்போவதால், கவனிக்கப்படாத காயங்களே நாளடைவில் விரல்களைத் தின்றுவிடுகின்றன என்பதை நான் அறிந்தது விஞ்ஞான வகுப்பில் அல்ல, அந்த மேடையில்தான்.

டாப்சோன் மாத்திரையால் அவள் முதலில் சுகமடைகிறாள். கூட்டுமருந்துச் சிகிச்சை இலங்கைக்கு வந்தது 1983இல். ஆகவே எங்கள் கதையில் அந்த ஒரு மாத்திரைதான். கடைசிக் காட்சியில் அவளை ஊருக்கு அழைத்துச் செல்லத் தோணி வந்து நிற்க, "ஆருடைய வீட்டுக்கு?" என்று கேட்டபடி அவள் துறையிலேயே இருந்துவிடுகிறாள். காதலர் சாவதாக முடிக்கலாம் என்று நாங்கள் கெஞ்சியும் ஆசிரியர் இணங்கவில்லை. அவர் செய்தது சரி என்றே இப்போது எண்ணுகிறேன்.

திரை விழுந்ததும் எழுந்த கைதட்டல் குறைவு. அன்றிரவு ஒப்பனை கலையாத முகத்துடன் வீட்டு வாசலுக்குச் சென்ற என்னை, நாடகத்தை முன்வரிசையிலிருந்து பார்த்து அழுத என் அம்மா தடுத்து நிறுத்தினார்.

"கிணத்தடியில குளிச்சிட்டு உள்ளுக்கு வா மகன்."

நானும் மறுபேச்சின்றிக் குளித்தேன்.