பென்சில் குழந்தையின் கையிலேயே இருக்கட்டும்

என் மகள் பள்ளி நுழைவுத் தேர்வுக்குத் தயாரான நாட்களில், மற்ற கணக்குகளைத் தட்டுத்தடுமாறியாவது முடித்துவிடுவாள். வடிவியல் வந்தால் மட்டும் படத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்குப் பொறுக்காது. பென்சிலை வாங்கி, "இங்கே ஒரு கோடு போட்டுப் பார்" என்று நானே போட்டுக் காட்டுவேன். "ஆமாம்மா, புரிஞ்சிடுச்சு!" என்பாள். மறுநாள் எண்களை மாற்றி அதே கணக்கைக் கொடுத்தால் பழையபடி விழிப்பாள்.

இரண்டு மாதம் இப்படியே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கணக்கில் உண்மையான வேலையே கோட்டை எங்கே போடுவது என்று கண்டுபிடிப்பதுதான். அதை நான் செய்துவிட்டு, கூட்டல் கழித்தலை மட்டும் அவளிடம் விட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து நான் பென்சிலைத் தொடவில்லை. முதல் வேலையாக, புத்தகத்தில் இருக்கும் படத்தை நோட்டில் பெரிதாக வரையச் சொன்னேன். அளவுகோல் வேண்டாம், கையாலேயே போதும். பார்த்து வரையும்போது குழந்தை தானாகவே கேள்வியைப் படித்துவிடுகிறது. "இது சதுரம்னு போட்டிருக்கு, அப்போ நாலு பக்கமும் சமம்" என்று சொல்லிக்கொண்டே சமமான கோடுகளில் சின்னக் குறுக்குக் கோடு போடுவாள். செங்கோணத்துக்கு மூலையில் ஒரு சிறிய சதுரம். பெரும்பாலான தேர்வுப் படங்கள் சரியான அளவில் இருக்காது. அதனால் "பார்க்க அப்படித்தான் இருக்கு" என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். காரணம் சொல்லட்டும்.

எங்களுக்குத் திருப்பமாக அமைந்த கணக்கு ஒன்று உண்டு. ஒரு சதுரத்துக்குள், அதன் அடிப்பக்கத்தின் மேலேயே ஒரு சமபக்க முக்கோணம். முக்கோணத்தின் உச்சியைச் சதுரத்தின் மேல் மூலைகள் இரண்டோடும் சேர்த்தால் மேலே ஒரு தட்டையான முக்கோணம் உண்டாகும். அதன் உச்சிக் கோணம் எவ்வளவு? சமபக்க முக்கோணத்தில் 60 டிகிரி, சதுரத்தின் மூலையில் மீதி 30 டிகிரி என்பது வரை உடனே எழுதிவிட்டாள். அதற்கு மேல் நகரவில்லை. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "இதில் எந்தெந்தக் கோடெல்லாம் ஒரே நீளம்?"

சதுரத்தின் பக்கங்களில் குறி போட்டாள். முக்கோணத்தின் பக்கங்களில் வேறு குறி போட்டாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அம்மா, அடிப்பக்கம் ரெண்டுக்கும் ஒண்ணுதானே! அப்போ எல்லாமே சமம்!" அவ்வளவுதான், இரண்டு ஓரங்களிலும் இருப்பவை இருசமபக்க முக்கோணங்கள் என்று தெரிந்துவிட்டது. 180-இல் 30 போக 150, அதில் பாதி 75. உச்சியைச் சுற்றி மொத்தம் 360. அதில் 60, 75, 75 மூன்றும் போனால் 150 டிகிரி. கோணத்தைக் கேட்கும் கணக்கில் நீளத்தைத் தேட வேண்டியிருக்கும் என்பதை அவளே கண்டுபிடித்தாள். நான் நூறு முறை சொல்லியிருந்தாலும் அந்த அளவுக்குப் பதிந்திருக்காது.

பரப்பளவுக் கணக்குகளுக்குக் கத்தரிக்கோல் உதவியது. 10 செ.மீ. சதுரத்தின் எதிரெதிர் மூலைகளிலிருந்து இரண்டு கால் வட்டங்கள் வரைந்தால் நடுவில் இலை போல ஒரு வடிவம் வருமே, அதன் பரப்பளவைக் கேட்பார்கள். கண்ணாடித் தாளில் இரண்டு கால் வட்டங்களை வெட்டிச் சதுரத்தின் மேல் வைக்கச் சொன்னேன். சதுரம் முழுவதும் மூடிவிட்டது, இலை மட்டும் இரண்டு அடுக்காகத் தெரிந்தது. ஒரு கால் வட்டம் 78.5, இரண்டும் சேர்ந்து 157. சதுரம் 100. மிச்சமான 57 சதுர செ.மீ. எங்கே போனது என்று கேட்டபோது விரலை இலையின் மேல் வைத்தாள்.

குறுக்கு வழிகளில் மட்டும் கவனம் வேண்டும். செவ்வகத்தின் ஒரு மூலையைச் செவ்வகமாகவே வெட்டி எடுத்தால் சுற்றளவு மாறாது என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டேன். 10-க்கு 8 செவ்வகத்தில் அது அதே 36. அடுத்த வாரம், பக்கத்தின் நடுவில் 3 செ.மீ. ஆழத்துக்கு வெட்டிய படத்துக்கும் 36 என்றே எழுதினாள். உள்ளே இறங்கும் கோடு 3, ஏறும் கோடு 3, ஆக 42 வரவேண்டும். எறும்பு ஒன்று ஓரமாகவே நடந்து சுற்றி வருவதாக நினைத்து விரலால் நடந்து பார்க்கச் சொன்ன பிறகு அந்தத் தவறு வரவில்லை.

எவ்வளவு நேரம் தவிக்க விடலாம் என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நாங்கள் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். அதற்குள் வரவில்லை என்றால் விடையைப் படிக்கலாம். ஆனால் படித்து முடித்ததும் நோட்டை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் முதலிலிருந்து அவளே போட வேண்டும். களைத்துப்போன நாட்களில் வடிவியலையே எடுக்கவில்லை. அழுதுகொண்டே வரையும் படத்தில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொரு சிறிய நோட்டும் வைத்திருந்தாள். அதில் விடைகள் கிடையாது, எங்கே மாட்டிக்கொண்டாள் என்று கணக்குக்கு ஒரு வரி மட்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் புதுக் கணக்கு எதையும் போடாமல் அந்த நோட்டை மட்டும் இருவரும் சேர்ந்து படித்தோம். பாதிக்கு மேல் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்திருந்தது: "ரெண்டு கோடும் சமம்னு பார்க்கல." அதை அவளே சிவப்புப் பேனாவால் வட்டமிட்டாள்.