ஒரே அறை, இரண்டு சுருதி

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'கம்ஃபர்டபிளி நம்ப்' பாட்டு என்றாலே எல்லோரும் கிடார் சோலோவை, அதாவது தனி வாசிப்பைத்தான் கொண்டாடுவார்கள். சரி, கொண்டாடட்டும். எனக்கு அதற்கு முன்னால் நடப்பதுதான் சுவாரசியம்.

1979-இல் 'தி வால்' ஆல்பத்தில் வந்த பாட்டு. பாடுவது குழுவின் இருவர்: டாக்டராக ரோஜர் வாட்டர்ஸ், மரத்துப்போய்க் கிடக்கும் ராக் பாடகனாக டேவிட் கில்மோர். டாக்டர் பாடுவது பி மைனர் என்ற ஸ்கேலில், அதாவது சுர வரிசையில். துண்டு துண்டான கேள்விகள், பாதி பேச்சு: உள்ளே யாராவது இருக்கிறீர்களா, எங்கே வலிக்கிறது, எழுந்து நிற்க முடியுமா. பல்லவி மாதிரி திரும்ப வரும் கோரஸில் பாடகனின் டி மேஜர் ஸ்கேல் வந்ததும் சொற்கள் நீள்கின்றன. வலியில்லை, தொடுவானத்தில் கப்பல் புகை என்று அவன் சொல்லும்போது அசைகளே மிதக்கின்றன.

இரண்டு ஸ்கேலுக்கும் அதே ஏழு சுரங்கள்தான். கர்நாடக சங்கீதத்தில் சங்கராபரண ராகத்தின் ஆறாம் சுரமான தைவதத்தை ஸட்ஜமாக, அதாவது ஆதார சுரமாக, வைத்தால் நடபைரவி ராகம் கிடைக்கும் அதே கிரகபேதக் கணக்கு. ஒரே அறையில் இரண்டு பேர், ஆனால் ஆதார சுரம் வேறு. ஒருவர் பேச்சு மற்றவரை எட்டவில்லை. மேஜர் என்றால் மகிழ்ச்சி என்பார்கள். இங்கே அது மயக்கம்.

அப்புறம் அந்தக் கடைசி சோலோ. அது டாக்டரின் பி மைனருக்கே திரும்பிவிடுகிறது. ஊசி போட்டாயிற்று, அவன் மேடையேறியாக வேண்டுமே!