கரி, தண்ணி, கடைசி ஞாயிறு: நீராவி ரயிலில் ஒரு வருடம்

போன பிப்ரவரியில் முதல் முறை, டர்பனுக்குப் பக்கத்து ஊரான இஞ்சங்காவில் இருக்கும் நீராவி எஞ்சின் ஷெட்டுக்குப் போனபோது, எஞ்சின் மேல் ஏறி விசிலை ஒரு இழு இழுக்கலாம் என்ற ஆசையில்தான் போனேன். கையில் கொடுத்தது ஒரு வாளி பாரஃபினும் (நம் ஊர் மண்ணெண்ணெய்தான்) கிழிந்த பனியன் துணியும். "சக்கரத்திலிருந்து ஆரம்பி" என்றார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு சக்கரம் முடிந்தது. இழுக்கிற சக்கரம் மட்டும் எட்டு இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவுக்கு, இந்த டர்பனுக்கு வந்து ஏழு வருடமாகிறது. துறைமுகம் பக்கம் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை, பைன்டவுனில் வீடு. பிறந்து வளர்ந்தது திருச்சி பொன்மலை. அப்பா அங்கே ரயில்வே பணிமனையில் பாய்லர் வேலை பார்த்தவர். ஊட்டி மலை ரயில் எஞ்சின்கள் உடம்பு சரியில்லை என்றால் வந்து படுப்பது அங்கேதான். அவர் இருந்தவரை நான் ஒரு போல்ட்டைக்கூடத் தொட்டதில்லை. 45 வயதில், கடல் தாண்டி வந்து, சம்பளமில்லாமல் எஞ்சின் துடைக்கிறேன் என்றால் அம்மா போனில் சிரிக்கிறாள்.

வண்டி ஓடுவது மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும், க்ளூஃபுக்கும் இஞ்சங்காவுக்கும் இடையில். அந்த ஒரு நாளுக்காக மற்றச் சனிக்கிழமைகள் எல்லாம் போகும். ஆட்கள் பெரும்பாலும் என்னைப் போலத் தாமாக வந்தவர்கள்.

பாதை பழைய நேட்டால் மெயின் லைன். டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை 1880ல் திறந்தார்கள். மலையும் பள்ளமுமான ஊரில் செலவைக் குறைக்க அகலத்தை 1067 மி.மீ. ஆக்கி, வளைவுகளை நெருக்கி, ஏற்றத்தை 30க்கு 1 வரை (30 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும்) விட்டுவிட்டார்கள். 1921ல் இன்னொரு வழியில் சாய்வு குறைந்த புதுப் பாதை வந்ததும் சரக்கு வண்டிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. 1893ல் காந்தியை மாரிட்ஸ்பர்க்கில் இறக்கிவிட்ட வண்டியும் இந்த மேடுகளில்தான் மூச்சு வாங்கி ஏறியிருக்கும். இன்னொரு கணக்கும் எனக்குப் பிடிக்கும். டர்பனில் முதல் ரயில் ஓடியது 1860 ஜூன் 26. சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்தது அதே வருடம் நவம்பர் 16. ரயில் நமக்கு ஐந்து மாதம் மூத்தது.

மார்ச் முழுக்க ஸ்மோக்பாக்ஸ் சாம்பல். எஞ்சினின் முகத்தில் இருக்கும் வட்டக் கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, சாம்பலை வாரிக் கொட்ட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு குழாயிலும் நீளக் கம்பியில் பிரஷ் கட்டி விட்டு இழுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து தும்மினால் மூன்று நாளைக்குக் கறுப்பாக வந்தது. ஏப்ரலில் மழை, இரண்டு சனிக்கிழமை போகவில்லை. எழுத ஒன்றுமில்லை.

மே மாதம்தான் விஷயம் பிடிபட ஆரம்பித்தது. பாய்லர் வாஷ் அவுட். எஞ்சின் நன்றாக ஆறியபிறகு சுற்றிலும் இருக்கும் பித்தளை பிளக்குகளைக் கழற்றி, ஓஸ் பைப்பை விட்டு உள்ளே பீய்ச்சுவது. தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு, கொதித்துக் கொதித்துத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே சமாச்சாரம். ஆனால் இங்கே அது தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் தகட்டிலேயே நிற்கும், தகடு கெடும். வெளியே வந்த சேற்றைப் பார்த்தால் தோசை மாவு போல இருந்தது. கழற்றிய பித்தளைச் சாமான்களை ஷெட்டில் வைப்பதில்லை, காலையில் இருக்காது. ஒருவர் எல்லாவற்றையும் ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறார்.

அன்றுதான் அங்கிளை முதல் முறை பக்கத்தில் பார்த்தேன். வயது 76. எல்லாரும் அங்கிள் என்றே கூப்பிடுகிறோம், அவர் என்னை "தம்பி" என்பார். அவரிடம் மிச்சமிருக்கும் தமிழ் சமையலறைத் தமிழும் கோயில் தமிழும்தான். பேச்செல்லாம் இங்கிலீஷில். அவருடைய அப்பா டர்பன் ரயில்வே பாரக்ஸில் இருந்துகொண்டு தண்டவாளத்துக்கு ஜல்லி அடித்தவர். இவருக்குச் சின்ன வயதிலிருந்தே எஞ்சின் ஓட்ட ஆசை. அந்தக் காலத்தில் டிரைவர் வேலையும் ஃபயர்மேன் வேலையும் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். இவர் துணி ஆலையில் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனார். இப்போது ஃபயர்மேன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, முன்பு அந்த சீட்டில் இருந்தவர்களின் பேரன்களுக்குக் கரி போடக் கற்றுக்கொடுக்கிறார். அதைப் பற்றி அவர் எதுவும் சொல்வதில்லை. நான் ஒரு தடவை கேட்டேன். "டீ ஆறுது தம்பி" என்றார்.

அவர் கையில் சின்னச் சுத்தியல். அடுப்புப் பெட்டிக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவே, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்டே போல்ட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டுக்கொண்டே போனார். டிங், டிங், டிங். நல்லது மணி மாதிரி சொல்லும், முறிந்தது 'தொப்' என்று சொல்லும். எனக்குக் கழுத்தெல்லாம் சிலிர்த்தது. பொன்மலைச் சந்தையில் மண் சட்டி வாங்கும்போது அப்பா ஒவ்வொன்றையும் விரல் கணுவால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். கடைக்காரர் எரிச்சல்படுவார், நான் வெட்கப்பட்டுத் தள்ளி நிற்பேன். அவர் வேலையில் செய்ததைத்தான் சந்தையிலும் செய்திருக்கிறார் என்பது இப்போதுதான் உறைத்தது.

ஜூன், ஜூலை இங்கே குளிர்காலம், புல் காய்ந்து கிடக்கும். ஒரு நெருப்புப் பொறி போதும், மலைச்சரிவே பற்றிக்கொள்ளும். வண்டிக்குப் பின்னால் ஒரு பக்கியில் (பிக்கப் வண்டிக்கு இந்த ஊர்ப் பெயர்) தண்ணீர்த் தொட்டியோடு போவது என் வேலை. ஒரு முறை நிஜமாகவே பற்றியது, ஒரு பாய் அகலம். அதை அணைத்த பெருமையில் ஒரு வாரம் இருந்தேன்.

ஆகஸ்டில் முதல் முறை நெருப்பு மூட்டவிட்டார்கள். எங்கள் எஞ்சின் 19D வகை. அடுப்பின் பரப்பு 36 சதுர அடி, ஒரு ஆள் தாராளமாகக் கால் நீட்டிப் படுக்கலாம். விறகு, எண்ணெயில் நனைத்த துணி, மேலே கொஞ்சம் கரி. சனிக்கிழமை மாலை மூட்டினால் மறுநாள் காலைதான் அழுத்தம் நிறையும். அவசரப்பட்டால் ஒரு பக்கம் சூடாகி விரிந்து, மறுபக்கம் குளிர்ந்தே இருந்து, இணைப்புகள் ஒழுக ஆரம்பிக்கும். இரவு மின்வெட்டு வந்து ஊரே இருண்டது. ஷெட்டில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தது எஞ்சின் ஒன்றுதான்.

புரட்டாசி. இங்குள்ள தமிழர்கள் புரட்டாசியை நம் ஊரைவிடக் கறாராகப் பிடிக்கிறார்கள், மாதம் முழுக்கக் கறி கிடையாது. ஆனால் ஃபுட்பிளேட்டில் (டிரைவரும் ஃபயர்மேனும் நிற்கும் இடம்) காலை உணவு என்றால் கரி அள்ளும் ஷவலைக் கழுவி, அடுப்பில் நீட்டி, முட்டையும் பன்றிக்கறியும் பொரிப்பதுதான் வழக்கம். அங்கிள் இதற்கென்றே ஒரு தனி ஷவல் வைத்திருக்கிறார். சைவ ஷவல். அதில் தக்காளியும் பச்சை மிளகாயும் வதக்கி ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். புகை வாசனையோடு அப்படி ஒரு ருசி. வீட்டில் செய்து பார்த்தேன், வரவில்லை.

நவம்பரில் மானம் போனது. டிரம்மண்டிலிருந்து போத்தாஸ் ஹில் ஏற்றம், முதல் முறை ஷவல் என் கையில். பயத்தில் அள்ளி அள்ளிப் போட்டேன். கல்யாண அடுப்பில் விறகைத் திணித்தால் என்ன ஆகும்? புகைதான் வரும். கன்னங்கரேல் என்று புகை, அழுத்தம் 1,380 கிலோபாஸ்கலிலிருந்து ஆயிரத்துக்குக் கீழே. வண்டி ஏற்றத்திலேயே நின்றுவிட்டது. நெருப்பைக் கிளறி, அழுத்தம் ஏறக் காத்திருந்த இருபது நிமிடமும் பயணிகள் இறங்கி ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கைப் படம் எடுத்தார்கள். அவர்களுக்காகத்தான் நிறுத்தினோம் என்று ஒரு அம்மா நன்றி வேறு சொன்னார்.

கரி போடுவது தோள் வேலை இல்லை, கண் வேலை. நெருப்பு வெள்ளையாக இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, மங்கலான இடம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். பின் மூலைகள் கனமாக, நடுவில் லேசாக. அதைவிடக் கஷ்டம் தண்ணீர். அளவு காட்டும் கேஜ் கிளாஸ் பாய்லரின் பின்பக்கம், நம் முகத்துக்கு நேரே இருக்கிறது. புகைபோக்கி முன்னால் இருக்க மேடு ஏறும்போது தண்ணீர் பின்னால் சாயும், கண்ணாடி முக்கால் காட்டும். உச்சி தாண்டி மூக்கு இறங்கியதும் தண்ணீர் முன்னால் ஓடிவிடும். அதே தண்ணீர்தான், கண்ணாடியில் காணோம். ஆறு மீட்டர் பாய்லர், 30க்கு 1 சாய்வு என்று போட்டுப் பார்த்தால் முனைக்கு முனை 20 செ.மீ. வித்தியாசம். அந்த நேரம் அடுப்பின் கூரைத் தகடு தண்ணீருக்கு வெளியே வந்தால் சிவந்து இளகும், அப்புறம் பாய்லர் வெடிக்கும். கூரையில் இருக்கும் ஈய பிளக் உருகி எச்சரிக்கும், ஆனால் அது உருகினால் அன்றைய வண்டி அவ்வளவுதான். ஆகவே ஏறிக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடி நிறையக் காட்டும்போதே, தண்ணீர் விட வேண்டும். விட்டால் குளிர்ந்த தண்ணீர் அழுத்தத்தைக் குறைக்கும், அழுத்தம் அதிகம் தேவைப்படுவதும் அந்த ஏற்றத்தில்தான். இரண்டுக்கும் நடுவே தவிப்பது என் பிழைப்பு. ஒவ்வொரு முறையும் சரியாக அந்த இடத்தில் அங்கிள் தமிழுக்கு மாறுவார்: "தம்பி, தண்ணி!"

டிசம்பரில் வெயில். ஃபுட்பிளேட்டில் நின்று நான்கு லிட்டர் குடித்தேன், உப்புப் போட்ட மோர் இரண்டு பாட்டில் தனி.

ஜனவரி கடைசி ஞாயிறு மறுபடி அதே ஏற்றம். உச்சிக்கு இரண்டு வளைவு இருக்கும்போதே, பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளும் இன்ஜெக்டரைத் திறந்தேன். முதலில் கீழே கொட்டியது, கொஞ்சம் திருகியதும் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தது. முள் 1,200ல் நின்றது. அங்கிள் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், பிளாஸ்க்கை எடுத்தார்.

வருகிற சனிக்கிழமை மறுபடி வாஷ் அவுட். தைப்பூசக் காவடிக்கு இரண்டு பேர் லீவு சொல்லிவிட்டார்கள், ஆள் குறைவு. புதிதாக ஒரு பையன் வருகிறானாம், எஞ்சின் ஓட்ட ஆசையாம். பாரஃபின் வாளியைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.