ராத்தாவின் பீங்கான்

"நல்லிணக்கம்" என்றாலே எனக்கு ஏசி மண்டபமும் சோத்துப் பார்சலும் கையெழுத்துப் போடுற தாளும்தான் ஞாபகம் வரும். பத்து வருசமா அந்தச் செயலமர்வுகளில் குந்தியிருந்தவள் நான், சொல்ல உரிமை இருக்கு.

என் ஊர் மட்டக்களப்பில் ஆரையம்பதி, தமிழ் ஊர். பக்கத்தில் முஸ்லிம் ஊரான காத்தான்குடி. 1990 ஆகஸ்ட் 3 அங்கே பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டார்கள். புலிகள்தான் என்று சொல்ல எங்கட ஆக்கள் இன்றைக்கும் தொண்டையைச் செருமுவார்கள். அதே வருசம் செப்டம்பர் 9 சத்துருக்கொண்டானில் எங்கட தமிழ்ச் சனம் கொல்லப்பட்டது. இரண்டு ஊர்ப் பெண்களும் சேர்ந்த எங்கள் குழுவில் இந்தத் திகதிகளைச் சொல்லி அழவே மூன்று கூட்டம் போனது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு. குண்டு வைத்தவர்களின் தலைவன் காத்தான்குடிக்காரன் என்று தெரிந்ததும் "அவங்கட கடையில வாங்காதீங்க" என்று போனில் வந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் ஒரு சொல் இல்லை. எட்டாம் நாள் முகம் மூடத் தடை. காத்தான்குடி ராத்தா (அக்காவை முஸ்லிம் ஆக்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வீட்டை விட்டு வெளிக்கிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். தையலுக்குத் துணி எடுப்பது அவவிடம்தான்.

அலுமாரியில் அவவின் பீங்கான் தட்டு கிடந்தது, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மஸ்கட் அல்வா வைத்துத் தந்தது. வெறும் பீங்கானைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று சாட்டுச் சொல்லியே மாதக்கணக்கில் வைத்திருந்தேன். ஒரு சீப்பு கதலி வைத்து, துணியால் மூடி, ஸ்கூட்டியில் போனேன். சோதனைச் சாவடியில் ஆமிக்காரப் பொடியன் பழத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான்.

கதவு நாலு விரல் அளவுக்குத்தான் திறந்தது.

"நீயா புள்ள? ஆரும் கண்டாங்களா?"

"கண்டாங்க ராத்தா. மதினி நாளைக்கு வந்து கேப்பா."

நோன்பு காலம். நோன்பு துறக்க என்று பழத்தை எடுத்து வைத்தா. ஒரு மணித்தியாலம் துணி விலையும் மகளுக்குக் கட்டுகிற வீட்டில் கொத்தனார் செய்கிற அநியாயமும் பேசினோம். (பெண்பிள்ளைக்கு வீடு கட்டி முதுகொடிவதில் ரெண்டு ஊரும் ஒண்டுதான்.) வெளிக்கிடும்போதுதான், "சீயோன் புள்ளையள்ர படத்தப் பாத்த நாள்ல இருந்து நித்திரை இல்ல" என்றா. அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில் பீங்கான் படத்தைப் போட்டேன்.

2022 மேயில் கல்லடிப் பாலத்திலிருந்து காந்தி பூங்கா வரை நீதிக்கான நடை தொடங்கியபோது ராத்தா குடையோடு நின்றா. நான் மூன்று நாள் முழங்கால் நோ என்று சாட்டுச் சொன்னேன்.

"அண்டைக்கு வந்த கால்தானே கா?"

"அண்டைக்கு ஸ்கூட்டியில வந்தன்."

மறுகா நாலாம் நாள் போனேன்.