காவ்காவ் ஆங்கிலத் தாள்: காதுக்கு 30, கண்ணுக்கு 50

சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவில், தேசிய வினாத்தாள் எழுதும் மாகாணங்களில் ஆங்கிலம் 120 நிமிடம், 150 மதிப்பெண். கேட்டல் 20 கேள்வி, தலா 1.5. முதல் ஐந்து உரையாடல்கள் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். அடுத்த ஐந்து ஒலிப்பதிவுகள் இரண்டு முறை, அவற்றில் 15 கேள்வி.

பலரும் சறுக்குவது அந்த முதல் ஐந்தில். ஒவ்வொன்றுக்கும் பின் 10 விநாடி. அதற்குள் விடையைக் குறித்து, அடுத்த கேள்வியையும் படித்துவிட வேண்டும். தவறவிட்ட ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்ததும் போச்சு. தாளுக்குத் தாள் மாறாமல் வரும் மாதிரி வினாவில் சட்டை விலை 9 பவுண்டு 15 பென்ஸ் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக ஓடும் பகடி!

மதிப்பெண்ணைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கேட்டலில் மூன்றே தெரிவுகள். கண்ணை மூடிக் குறித்தாலும் சராசரியாக 10 வரும். ஆகவே 30க்கு 12 வாங்கிய பிள்ளைக்கு 'ஓரளவு காதில் விழுகிறது' என்று சொல்லிவிட முடியாது.

வாசிப்பில் நான்கு பத்திகள், 15 கேள்வி, தலா 2.5. அதோடு ஏழு வாக்கியங்களில் ஐந்தை ஒரு பத்தியின் வெற்றிடங்களில் பொருத்தும் பகுதி, அதுவும் தலா 2.5. என் கணக்கில் தாளிலேயே பொல்லாதது இதுதான். ஒரு வாக்கியத்தைத் தப்பான இடத்தில் வைத்தால், அதற்குரிய இடமும் பெரும்பாலும் தப்பாகும். ஒரு பிழைக்கு 5 மதிப்பெண் காலி. இந்த ஐந்தையும் தனித்தனித் திறன்களாக எண்ணி அலசும் ஆசிரியர் பலவீனத்தை இரட்டிப்பாகக் காண்பார். முன்வாக்கியத்தின் சுட்டுப்பெயர், இணைப்புச்சொல் இரண்டையும் அடிக்கோடிட வைத்து, ஏன் அந்த வாக்கியம் என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் உண்மை தெரியும்.

பெய்ஜிங்கில் கதை வேறு. கேட்டலும் பேச்சும் சேர்ந்து 50, கணினியில், ஆண்டுக்கு இரண்டு வாய்ப்பு.