விண்கலத்தில் சாமி கும்பிடுகிறவர்கள்

அறிவியல் புனைவுத் தொடர்களில் சாமி என்று ஒன்று வந்தாலே, பாதி நேரம் கதை எங்கே போய் முடியும் என்று முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஏதோ ஒரு கிரகத்தில் மக்கள் எதையோ கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கப்பலில் வந்தவர்கள் போய்ப் பார்த்தால் அது ஒரு பழைய கணினியாக இருக்கும், இல்லாவிட்டால் வேற்றுக்கிரகத்து ஆளாக இருக்கும், அதை உடைத்துப் போட்டுவிட்டு, இனி நீங்களே யோசித்துப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அடுத்த கிரகத்துக்குப் புறப்பட்டுவிடுவார்கள். 1967இல் வந்த ஸ்டார் டிரெக் பகுதி ஒன்றில் கிரேக்கக் கடவுள் அப்பல்லோவே வருகிறார், அவரும் முன்னொரு காலத்தில் பூமிக்கு வந்துபோன விண்வெளிக்காரர்தான். ஸ்டார்கேட் எஸ்ஜி-1 தொடர் 1997இல் தொடங்கிப் பத்து வருஷம் ஓடியது, அதில் எகிப்தியக் கடவுள்கள் எல்லாம் மனித உடம்புக்குள் புகுந்துகொள்ளும் ஒட்டுண்ணிகள். நம் பக்கத்து நிருதி பெயரிலும் ஒருத்தி உண்டு.

கும்பிடப்படுவது நிஜமா பொய்யா என்ற இந்த ஒரே கேள்வி எனக்குச் சலித்துவிட்டது. மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இப்போது அதே ஊரில் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் நடத்துகிறவன் நான். என்னைச் சுற்றி இருக்கிறவர்கள் யாரும் காலையில் எழுந்து சாமி உண்டா இல்லையா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. விளக்குக்கு எண்ணெய் இருக்கிறதா, ஆடி மாதக் கூழுக்கு யார் வீட்டு அண்டா, திருவிழா ஊர்வலம் போக போலீஸ் பெர்மிட் வந்ததா என்றுதான் யோசிக்கிறார்கள். நம்பிக்கை என்பது முதலில் கையால் செய்கிற வேலை. அதைப் புரிந்துகொண்டு எழுதிய தொடர்கள் சிலதான் இருக்கின்றன, அவற்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலாவது, எனக்கு எல்லாவற்றுக்கும் மேலானது, பேட்டில்ஸ்டார் கேலக்டிகா. 2003இல் குறுந்தொடராக வந்து, 2004 முதல் 2009 வரை ஓடியது. பன்னிரண்டு உலகங்கள் ஒரே நாளில் அழிந்துபோக, சுமார் ஐம்பதாயிரம் பேர் மட்டும் கப்பல்களில் தப்பித்து ஓடுகிறார்கள். அந்த மனிதர்கள் பல கடவுள்களைக் கும்பிடுகிறவர்கள். அவர்களை அழிக்க வந்த இயந்திரங்கள், சைலான்கள், ஒரே கடவுளை நம்புகிறவை. இயந்திரத்துக்குப் பக்தி இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டதே பெரிய துணிச்சல், அந்தப் பக்தியைக் கேலி செய்யாமல் கடைசி வரை கொண்டுபோனது அதைவிடப் பெரிய துணிச்சல். குறுந்தொடரின் முடிவில் செத்தவர்களுக்கு இறுதிச் சடங்கு நடக்கும். பூசாரிப் பெண் மந்திரத்தைச் சொல்லி முடிப்பார், கூட்டம் அதற்கு மறுமொழியை முணுமுணுக்கும், உயிரே இருக்காது. தளபதி அடாமா அதைத் திரும்பச் சொல்லச் சொல்வார், இன்னும் சத்தமாக, இன்னும் சத்தமாக, கடைசியில் அந்தத் தளமே அதிரும். அடாமாவுக்குப் பக்தி கிடையாது. அவர்களுடைய பழங்கதைகளில் மட்டும் வரும் பூமி இருக்கும் இடம் எனக்குத் தெரியும் என்று அடுத்து அவர் சொல்வது பச்சைப் பொய். ஆனால் அந்த நேரத்தில் அத்தனை பேரும் ஒரே குரலில் சத்தமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தொடரின் தொடக்கப் பாடலைக் கவனித்துக் கேளுங்கள், அது காயத்ரி மந்திரம். ரிக் வேதத்து வரிகள் ஹாலிவுட் இசையோடு வந்து விழும். நான் முதல்முதலாக அதைச் சத்தமாக வைத்துப் பார்த்தபோது, அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, “கோயில்ல ஏதும் விசேஷமாப்பா, மைக்கு கேக்குது” என்றார். திரையில் விண்கலத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஊரை விட்டு ஓடுகிற ஜனங்கள் என்று மட்டும்தான் சொன்னேன், அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

தேவைப்படாததற்குக் காரணம் உண்டு. எங்கள் தோட்டத்தில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள், அப்புறம் அந்தச் செம்பனையையும் வெட்டிவிட்டு வீடு கட்ட விற்றார்கள். லயத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள், பாதிப் பேர் பட்டணத்து மலிவு வீடுகளுக்கு, மீதிப் பேர் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களம், பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை எல்லாம் மண்ணோடு போயிற்று. மாரியம்மன் கோயில் நின்ற நிலம் கோயில் பெயரில் இல்லை, நாட்டில் எத்தனையோ தோட்டக் கோயில்களுக்கு இதே கதைதான், சங்கத்தில் இருந்தவர்கள் நடையாய் நடந்து ஒரு துண்டு இடம் வாங்கினார்கள். முனியாண்டிக்கு அதுவும் இல்லை. அவர் இருந்தது தோட்ட எல்லையில், ஒரு மரத்தடியில், ஒரு கல்லும் சூலமும் எண்ணெய்ப் பிசுக்கேறிய விளக்கும்தான் அவர். பெரியப்பா ஒருநாள் விடியற்காலையில் அங்கே போய் எலுமிச்சம்பழம் அறுத்து வைத்து, சுருட்டைப் பற்றவைத்து, “ஐயா, எழுந்து வாங்க, அங்க உங்களுக்கு இடம் பாத்து வெச்சிருக்கோம்” என்று சொல்லி, கல்லடியில் ஒரு பிடி மண்ணை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தார். வழியில் எங்கும் தரையில் வைக்கக் கூடாது என்பதால், கப்சாய் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார், நான்தான் ஓட்டினேன், வேகத்தடை வரும்போதெல்லாம் மெதுவா, மெதுவா என்று பின்னாலிருந்து குரல் வரும். இந்த ஊருக்குக் கப்பலேறி வந்தவர்களும் பிடிமண்ணோடுதான் வந்தார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். ஆகவே, வீடே இல்லாமல் போன ஜனங்கள் கப்பலுக்குள் எதை வைத்துக் கும்பிடுவார்கள், எந்த மூலையில் வைப்பார்கள், அதை யார் பார்த்துக்கொள்வார் என்று ஒரு தொடர் கேட்கும்போது நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

ஸ்டார் டிரெக்கிலேயே இந்தப் பாதையில் போன ஒன்று உண்டு, டீப் ஸ்பேஸ் நைன், 1993 முதல் 1999 வரை. பேஜோர் என்ற கிரகத்தைக் கார்டாசியர்கள் ஐம்பது வருஷம் அடிமைப்படுத்தி வைத்திருந்துவிட்டு அப்போதுதான் கிளம்பிப் போயிருக்கிறார்கள். பேஜோர்க்காரர்களின் புனிதக் கோளங்கள் ஒன்பது, அதில் எட்டைக் கார்டாசியர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், மிஞ்சியது ஒன்று. அவர்கள் தீர்க்கதரிசிகள் என்று வணங்குவது விண்வெளிச் சுரங்கப்பாதை ஒன்றில் காலத்துக்கு வெளியே வாழும் உயிர்களை. இதில் அருமையான விஷயம், ‘அவை வேற்றுயிர்கள்’ என்ற உண்மை முதல் பகுதியிலேயே உடைந்துவிடுகிறது. பழைய தொடராக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். இங்கே அதற்குப் பிறகுதான் ஏழு பருவமும். வேற்றுயிர் என்று தெரிந்த பிறகும் பேஜோர்க்காரி கீரா விளக்கேற்றிப் பிரார்த்தனை செய்கிறாள், அவள் முட்டாள் இல்லை, விடுதலைக்காகச் சண்டை போட்டவள், கப்பலையும் ஆட்களையும் நடத்தத் தெரிந்தவள்.

அதன் முதல் பருவக் கடைசிப் பகுதி ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றியது, அதனால் எனக்கு ரொம்ப நெருக்கம். ஆசிரியை கெய்கோ அந்தச் சுரங்கப்பாதையைப் பற்றி அறிவியல் பாடம் எடுக்கிறாள், வின் என்ற மதத்தலைவி வந்து தீர்க்கதரிசிகளைச் சொல்லாமல் நடத்தக் கூடாது என்கிறாள், பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிடுகிறார்கள், கடைசியில் பள்ளிக்கூடத்தில் குண்டு வெடிக்கிறது. விண்வெளி நிலையத்தின் தளபதி சிஸ்கோவின் மகன் இதெல்லாம் முட்டாள்தனம் என்று சொல்லும்போது, அப்பா அவனைத் திருத்துகிறார், அந்த ஐம்பது வருஷமும் அவர்களைச் சாகாமல் வைத்திருந்தது இந்த நம்பிக்கைதான் என்கிறார். ஆனால் கெய்கோவைப் பாடத்தை மாற்றச் சொல்லி அவர் கேட்பதில்லை. இரண்டும் சேர்ந்து நிற்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது.

எங்கள் தாமானில் இது குண்டு வெடிக்காமல் நடந்தது. 2019 டிசம்பர் 26, சூரிய கிரகணம். ஜொகூரின் தெற்கு முனையில் வளையமாகத் தெரிந்தது, எங்கள் பக்கம் பகுதிக் கிரகணம். பள்ளி விடுமுறை, கோயில் நடை சாத்தியிருந்தது. எதிர்வீட்டு அத்தை வாசலில் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்திருந்தார், கிரகண நேரத்தில் மட்டும் அது விழாமல் நிற்கும் என்பது அவர் கணக்கு. நான் அட்டையில் ஊசித் துளை போட்டு, வெள்ளைத்தாளில் சூரியனைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அட்டையே தேவையில்லாமல் போயிற்று, ரம்புத்தான் மரத்தடி சிமெண்டில் இலை இடுக்குகள் வழியாக நூற்றுக்கணக்கில் பிறைகள் விழுந்து கிடந்தன. பிள்ளைகள் உலக்கைக்கும் பிறைக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி வந்து, “சார், பாம்பு முழுங்குதா, நிலா மறைக்குதா?” என்று கேட்டாள். நிலாதான் மறைக்கிறது, ஆரியபட்டர் 499லேயே நிழல் கணக்கு என்று எழுதிவிட்டார் என்றேன். அப்புறம் ராகு, கேது என்று நாம் சொல்வது, நிலாவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள், அந்த இடங்களுக்குப் பக்கத்தில் வந்தால்தான் கிரகணமே பிடிக்கும் என்று தரையில் கோடு போட்டுக் காட்டினேன். அத்தையும் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து கோட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கிரகணம் விட்டதும் வீடு கழுவித் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உலை வைத்தார். பாடத்தில் ஒரு வரியைக்கூட நான் விட்டுக்கொடுக்கவில்லை, அவர் உலக்கையை எடுக்கச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படிச் சேர்ந்து நிற்க முடியாது, அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பாபிலோன் 5 தொடரை உருவாக்கிய ஸ்ட்ராசின்ஸ்கி நாத்திகர். அவர் தொடரின் ஒரு பகுதியில், ஒவ்வொரு இனமும் தன் மதத்தை மற்றவர்களுக்குக் காட்டும் விழா நடக்க, பூமியின் சார்பில் தளபதி பல மதத்தாரை ஒரே வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துகிறார், வரிசையில் முதல் ஆள் ஒரு நாத்திகர். பார்க்கும்போது புல்லரிக்கும். அதே பருவத்தில் இன்னொரு பகுதி, நெஞ்சை அறுப்பது: உடம்பைக் கத்தியால் திறந்தால் ஆத்மா வெளியேறிவிடும் என்று நம்பும் பெற்றோர், அறுவை செய்தால் பிழைத்துவிடும் பிள்ளை. டாக்டர் அவர்களை மீறி அறுவை செய்கிறார், பிள்ளை பிழைக்கிறான். பெற்றோர் அவனைத் தங்களோடு அழைத்துப்போய், இது எங்கள் மகனின் வெறும் கூடு என்று கொன்றுவிடுகிறார்கள். அம்மை போட்டிருக்கிறது, ஊசி போட்டால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று வேப்பிலையோடு வீட்டிலேயே வைத்திருந்த பிள்ளைகளைத் தோட்டத்தில் நான் பார்த்திருக்கிறேன். தோட்டத்து மருத்துவ உதவியாளர், எங்கள் டிரெஸ்ஸர், வேப்பிலையைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டார், வேப்பிலையும் இருக்கட்டும் மருந்தும் இருக்கட்டும் என்று சொல்லி, மருந்து உள்ளே போகும்வரை வாசலைவிட்டு நகரமாட்டார். அப்படி ஒரு வழி இல்லாத இடம் எது என்றுதான் அந்தப் பகுதி தேடிப் போகிறது. அந்த இடத்தில் நான் டாக்டர் பக்கம்தான். பிள்ளையின் உயிரை வைத்து எந்தச் சாமிக்கும் கடன் தீர்க்க முடியாது.

தொலைக்காட்சிக்காரர்கள் கோட்டைவிட்ட ஒன்றை நம் நாட்டு ஜாக்கிம், அதாவது இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை, செய்திருக்கிறது. 2007 அக்டோபரில் ஷேக் முஸாஃபர் ஷுக்கோர் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் போனபோது ரமலான் மாதம். நிலையம் ஒரு நாளைக்குச் சுமார் பதினாறு தடவை பூமியைச் சுற்றுகிறது, அப்படியானால் ஐந்து வேளைத் தொழுகை எப்போது, தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம், தண்ணீர் மிதக்கும் இடத்தில் எப்படிச் சுத்தம் செய்துகொள்வது? இதற்கெல்லாம் வழிகாட்டி ஒன்று தயாரித்தார்கள். நேரத்துக்குக் கிளம்பிய ஊரின் நேரம், திசைக்கு முடிந்தால் காபா, முடியாவிட்டால் அதற்கு நேர் மேலுள்ள இடம், அதுவும் முடியாவிட்டால் பூமி, அதுவும் முடியாவிட்டால் எந்தப் பக்கமும் சரி. நான் படித்ததிலேயே உருப்படியான அறிவியல் புனைவு அந்த வழிகாட்டிதான், அது புனைவே இல்லை என்றாலும்.

நம் ஆட்களுக்கு இப்படி ஒரு கதையை யாராவது தமிழில் எழுதினால் நான் முதல் ஆளாகப் பார்ப்பேன். எடையே இல்லாத இடத்தில் சூடத்தை ஏற்றினால் சுடர் மேலே எழும்பாது, சூடான காற்று மேலே போக ‘மேல்’ என்று ஒன்று அங்கே கிடையாது, நீலநிறத்தில் சின்ன உருண்டையாக நிற்கும், அதை எப்படிச் சுற்றிக் காட்டுவது? மூடிய காற்றுக்குள் முனியாண்டிக்குச் சுருட்டுப் பற்றவைக்க எந்தக் கப்பல் தலைவன் அனுமதிப்பான், அனுமதிக்காவிட்டால் அவருக்கு வேறு என்ன கொடுப்பது, அதை யார் போய் அவரிடம் கேட்பது? எல்லையே இல்லாத இடத்தில் எல்லைச்சாமியை எங்கே நிறுத்துவது? பெரியப்பாவிடம் கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், காற்றடைப்புக் கதவுக்குப் பக்கத்தில் வை, ஆள் வெளியே போகிற வழி அதுதானே என்றார்.