ஏழு பத்து வண்டி

எங்கள் ஊரில் யாரும் அலாரம் வைப்பதில்லை. ராத்திரி ஊரிலேயே நிற்கும் நைட் ஹால்ட் பஸ்ஸைக் காலை ஐந்தரைக்கு டிரைவர் ஸ்டார்ட் செய்வார். டிசம்பர் குளிரில் அது ஒரே தடவையில் எடுக்காது. இருமும், அடங்கும், மறுபடி இருமும். நாலாவது இருமலில் என்ஜின் பிடித்துக்கொள்வதற்குள் லைன் வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்துவிடும். ஐந்து ஐம்பதுக்கு மாரியம்மன் கோயில் திருப்பத்தில் ஒரு ஹாரன். அந்த ஹாரனைக் கேட்டு ஓடிவருகிறவர்களுக்காகக் கண்டக்டர் இன்னொரு நிமிஷம் நிற்பார். டைம் டேபிளில் இல்லாத நிமிஷம் அது.

இடம் கீழ் கோத்தகிரி பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம். எழுதினால் நாளைக்கே தொழிற்சாலையில் நாலு பேர் விசாரிப்பார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு மலையேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். மகள் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவளுக்கு ஒரு நாளைக்கு நாலு பஸ்: ஊரிலிருந்து கோத்தகிரி, கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு வழியாக ஊட்டி, அப்புறம் அதே மாதிரி திரும்பி. முதல் பஸ் போனால் இரண்டாவதும் போச்சு, முதல் வகுப்பும் போச்சு.

காலை வண்டி பெரும்பாலும் வந்துவிடும், ஊரிலேயே படுத்திருக்கிறதே. பிரச்சினை சாயங்காலம் கோத்தகிரியிலிருந்து கிளம்பும் ஏழு பத்துதான்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் நான், மகள், இலை எடுக்கப் போகும் இரண்டு பெண்கள், எண்பதை நெருங்கும் ஒரு பாட்டி என ஐந்து பேர் பஸ் ஸ்டாண்டில் எட்டு மணி வரை நின்றோம். ஏழு பத்து வரவில்லை. ஜீப்காரர் மண் சரிந்திருக்கிறது என்று சொல்லி வர மறுத்துவிட்டார். வேறு தடத்து வண்டியில் ஏறி மெயின் ரோட்டில் இறங்கினோம். அங்கிருந்து ஊருக்கு இரண்டு கிலோமீட்டர், இரண்டு பக்கமும் தேயிலை. பாதி வழியில் பாட்டி சட்டென்று நின்று கையைத் தூக்கினார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் புதருக்குள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கரடி. பாட்டி பதறவே இல்லை. டிபன் கேரியரின் மேல் தட்டைக் கழற்றி, மூடியால் டங் டங்கென்று தட்டிக்கொண்டே நடந்தார். நாங்கள் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் மகள் அழுதாள். “அம்மா, நான் ஹாஸ்டல்ல சேர்ந்துடறேன்” என்றாள்.

மறுநாள் கண்டக்டர் தம்பியிடம் கேட்டேன். “வண்டி பிரேக் வேலைக்கு நிக்குதுக்கா. ஸ்பேர் வண்டி இல்ல.” அவ்வளவுதான். அவரைக் கோபித்துப் பயனில்லை, அவருடைய மேலதிகாரியைக் கோபித்தும் பயனில்லை. இல்லாத வண்டியை யார் அனுப்ப முடியும்?

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். அண்ணன் என்றே கூப்பிடுவோம். அவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குக் கேட்டேன். தொழில் புத்தி, எங்கே போனாலும் வரவு செலவுதான் கேட்கத் தோன்றும். அவர் சொன்னது இது. மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 300 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். ஏறும்போது இரண்டாவது கியர், சில வளைவில் முதல் கியர். இறங்கும்போதும் கியரிலேயேதான் இறக்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடேறி, கடைசியில் பிரேக் பிடிக்காது. எவ்வளவு பதமாக ஓட்டினாலும் பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், டயர் எல்லாம் சமவெளி வண்டியைவிடச் சீக்கிரம் தேயும், டீசலும் அதிகம் குடிக்கும். கலெக்‌ஷனோ ஒரு பக்கம்தான். காலையில் டவுனுக்குப் போகும்போது படி வரை கூட்டம், திரும்பும்போது டிரைவரும் கண்டக்டரும் பேசிக்கொண்டே வருவார்கள். “இதுல லாபம் கேட்டா, வண்டிய மேட்டுப்பாளையத்துலயே நிறுத்திட வேண்டியதுதான்” என்றார்.

டிக்கெட் விலையை ஏற்றச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் அரசு பஸ் கட்டணம் கடைசியாக ஏறியது 2018 ஜனவரியில். அப்போது டீசல் அறுபதுகளில் இருந்தது, 90-ஐத் தாண்டி இப்போது வருஷங்கள் ஆகின்றன. கட்டணம் ஏறாதது எங்களைப் போன்றவர்களுக்கு நல்லதுதான். ஆனால் அந்த இடைவெளியை யாராவது நிரப்ப வேண்டும். அரசும் நிரப்புகிறது. 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது வருஷத்துக்கு 1,200 கோடி ரூபாய் ஈடு செய்வதாகச் சொன்னார்கள். 2025-26 பட்ஜெட்டில் அது 3,600 கோடி. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப் பகுதிகளுக்கு அந்தத் திட்டம் நீள்வதாக 2024 பிப்ரவரி பட்ஜெட்டில்தான் அறிவிப்பு வந்தது. முதல் நாள் பூஜ்ய டிக்கெட்டைக் கையில் வாங்கிய இலை எடுக்கும் பெண்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் மறக்கவில்லை. மாசம் ஒரு தொகை கையில் நிற்கிறது என்பது அவர்களுக்குச் சின்ன விஷயமில்லை.

ஆனால் கணக்குப் பிள்ளைக்கு ஒரு இடம் உறுத்துகிறது. அந்தப் பூஜ்ய டிக்கெட் எண்ணிக்கைக்குத்தான். எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்று எண்ணி ஈடு கேட்பார்கள். சரி, வராத ஏழு பத்தில் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள்? நாங்கள் ஐந்து பேர் எந்தக் கணக்கிலும் இல்லை. அடுத்த மாசம் பார்த்தால் அந்த டிரிப்பில் ஆளே குறைவு என்று தாளில் தெரியும். ஆள் குறைவான டிரிப்பைத்தானே முதலில் வெட்டுவார்கள். இதற்குள் டவுனில் வேலை பார்க்கும் பையன்கள் தவணையில் பைக் வாங்கியிருப்பார்கள், மற்றவர்கள் ஜீப்புக்குத் தலைக்கு ஐம்பது கொடுக்கப் பழகியிருப்பார்கள். பழகினவர்கள் திரும்ப பஸ்ஸுக்கு வரமாட்டார்கள். உரம் போடாமல் ஒரு வருஷம் விட்ட தேயிலை மாதிரிதான், அடுத்த வருஷம் உரத்தைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் விட்ட கொழுந்து வராது.

இன்னொன்றும் உண்டு. புது வண்டி வாங்கப் பணம் வரும், அது கொடியசைப்புக்கு உதவும். அதே வண்டிக்கு மூன்றாம் வருஷம் லைனிங் மாற்ற வரும் பணத்துக்கு யாரும் கொடியசைப்பதில்லை.

2024 ஜனவரி 9, 10 தேதிகளில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் பொங்கலுக்கு முன்னால் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். ஓய்வுபெற்றவர்களின் அகவிலைப்படி பாக்கி பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் இன்னொன்றும் இருந்தது: வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு பட்ஜெட்டிலேயே ஒதுக்க வேண்டும் என்பது. அந்த இரண்டு நாளும் நானும்தான் எரிச்சலில் திட்டினேன். இப்போது யோசித்தால் அது எனக்காகவும் கேட்ட கோரிக்கை என்று தோன்றுகிறது.

தாம்பரத்தில் இருக்கும் என் தம்பி ‘சென்னை ஒன்று’ செயலியை எடுத்துக் காட்டிப் பெருமைப்பட்டான். பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். 2025 செப்டம்பரில் வந்தது. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்திருக்கிறார்கள். எல்லாப் போக்குவரத்தையும் சேர்த்துப் பார்க்க ஒரு குழுமம் வேண்டும் என்று 2010-லேயே சட்டம் போட்டார்கள், அதன் முதல் கூட்டம் 2022-ல்தான் நடந்தது. (பன்னிரண்டு வருஷம். எங்கள் ஏழு பத்து எவ்வளவோ தேவலை.) ஆனால் எனக்குப் பொறாமை வந்தது வேறொன்றில். 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடியிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. தனியார் நிறுவனம் ஓட்டுகிறது. ஏறியது எத்தனை பேர் என்று பார்க்காமல், ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம். அதாவது, வண்டி ஓடுவதற்குத்தான் கூலி. தனியாருக்கு இப்படி ஒப்பந்தம் எழுத முடியும் என்றால், எங்கள் நைட் ஹால்ட் வண்டிக்கும் கிலோமீட்டர் கணக்கில், மலைச் செலவையும் சேர்த்து, மூன்று வருஷத்துக்கு முன்கூட்டியே எழுதி வைக்க என்ன தடை?

நீலகிரி எங்கே, பெருநகரம் எங்கே என்று தம்பி சிரித்தான். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்துக்கே 7,35,394 பேர், சரிதான். ஆனால் நாங்கள் வாழ்கிற விதத்தைப் பார்க்கட்டும். வீடு ஹட்டி என்கிற மலைக் கிராமத்தில், வேலை கோத்தகிரியில், படிப்பு ஊட்டியில், அண்ணிக்கு மாத்திரை குன்னூரில். 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தார்கள். இனி கோயம்புத்தூருக்கு ஓடுவது குறையும். அந்தப் படுக்கை வரை போக இரண்டு பஸ் மாற வேண்டும். நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எல்லாம் சேர்ந்து ஒரே ஊராகத்தான் ஓடுகிறது. நடுவில் தேயிலையும் சோலையும் இருப்பதால் பார்க்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். பெரும்பகுதி மாநில பட்ஜெட்டிலிருந்துதான் வர வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இங்கேயே எடுக்கக்கூடியதும் இருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து மேலே வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 கோடையில் நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. இ-பாஸுக்குக் காசு கிடையாது. ஒரு காருக்கு ஒரு டீ, ஒரு பஜ்ஜி விலை வாங்கி, அதை மாவட்டத்து பஸ்ஸுக்கு மட்டும் என்று தனிக் கணக்கில் போட்டால் என்ன? பொது கஜானாவுக்குப் போனால் வராது, தனிக் கணக்கு முக்கியம். பிரான்சில் 1971-லேயே பாரிஸ் வட்டாரத்தில் முதலாளிகளிடம், அவர்கள் தரும் சம்பளத்தின் ஒரு பங்கை பஸ், ரயிலுக்கென்று வரியாக வாங்கத் தொடங்கினார்கள் என்று படித்தேன். வேலைக்கு ஆள் வந்து சேர்வதால் லாபம் யாருக்கோ, அவர்களும் தரட்டும் என்பது கணக்கு. இதை எங்கள் முதலாளியிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ரிசார்ட்காரர்களிடம் முதலில் வேறு யாராவது சொல்லட்டும்.

மலை ரயில் 1908-லிருந்து ஊட்டி வரை ஏறுகிறது, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. அது லாபமா என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. அதே மரியாதையில் கொஞ்சம் பஸ்ஸுக்கும் கிடைக்கலாம்.

ஜனவரி 26 கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர எழுதிக்கொண்டிருக்கிறேன். “பேருந்து வசதி செய்து தர வேண்டும்” என்று வழக்கம்போல ஒரு வரி எழுதினால் வழக்கம்போல ஒரு பதில் வரும். அதனால் இப்படி எழுதியிருக்கிறேன்: ஊருக்கு நாளொன்றுக்கு இத்தனை டிரிப் என்று குறித்து, அதற்கான கிலோமீட்டர் செலவை மூன்று ஆண்டுக்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கீட்டில் ஒரு ஸ்பேர் வண்டியும் சேர வேண்டும். கூடவே மகள் எழுதும் நோட்டின் நகலை இணைக்கிறேன். ஏழு பத்து வந்த நாளுக்கு டிக், வராத நாளுக்குக் கட்டம். போன வாரம் ஆறு நாளில் இரண்டு கட்டம்.

பாட்டியிடம் தீர்மானத்தில் கைரேகை வைக்கக் கேட்டேன். “கையெழுத்தே போடுவேன்டி” என்று பேனாவை வாங்கிக்கொண்டார். பெயரை முழுசாக எழுதி முடிக்க நாலு நிமிஷம் ஆனது. “கரடியையும் இதுல எழுதிட்டியா?” என்று கேட்டார். எழுதவில்லை. இன்று ராத்திரி சேர்த்துவிடுகிறேன்.